பரணில் பித்தளை, பேங்கில் 34 லட்சம், கார்டில் கடன்

கேள்வி: செம்பூரில் அப்பா 1987-ல் வாங்கிய இரண்டு பெட்ரூம் வீட்டில் மூன்று தலைமுறை சேர்ந்து இருக்கிறோம். கட்டடம் ரீடெவலப்மென்ட்டுக்குப் போகிறது, இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். நான்கு மாதத்தில் காலி செய்ய வேண்டும். மூன்று வருடத்துக்கு பில்டர் வாடகை தருகிறார். அப்பாவுக்கு 78 வயது. தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பென்ஷன் சொற்பம். 34 லட்சத்தை ஒரே கூட்டுறவு வங்கியில், தன் ஒருவர் பெயரில், எஃப்.டி.யாக வைத்திருக்கிறார். அரசு வங்கி சேமிப்புக் கணக்கில் 6 லட்சம். எண்பதுகளில் வாங்கிய ஷேர் சர்டிபிகேட்டுகள் ஒரு மஞ்சள் பையில் கிடக்கின்றன. அம்மாவின் நகை அறுபது பவுன் லாக்கரில். வீட்டில் எதையும் தூக்கிப்போட விடமாட்டார். பரண் நிறையப் பித்தளை, வெண்கலம், ஹார்லிக்ஸ் பாட்டில்கள், ஓடாத மிக்ஸி இரண்டு. கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டிகள்.

மகளுக்கு 24 வயது, பவாயில் வேலை, கையில் மாதம் 58,000 வருகிறது. தினம் ஒரு பார்சல். கிரெடிட் கார்டில் 1.4 லட்சம் பாக்கி, மாதாமாதம் 'மினிமம் டியூ' என்ற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறாள் என்பது போன வாரம்தான் தெரிந்தது. போனும் 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.'யில். "தாத்தா வீட்டை குடோன் ஆக்கிட்டார்" என்கிறாள். "இவளுக்குக் காசோட அருமை தெரியல" என்கிறார் அப்பா. அதே வாயால் எஃப்.டி.யை உடைத்து அவள் கடனை அடைக்கிறேன் என்றும் சொல்கிறார். கொஞ்சம் பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் போடுங்கள் என்று சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். யார் பக்கம் நிற்பது?
(52 வயது வாசகர், செம்பூர், மும்பை)

பதில்: யார் பக்கம் என்பதை ஓரமாக வையுங்கள். நான்கு மாதத்தில் டெம்போ வாசலில் வந்து நிற்கும். அதற்குள் முடிக்க வேண்டிய காரியங்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் அப்பா சொல்வது சரி, சிலவற்றில் மகள் சொல்வது சரி. மியூச்சுவல் ஃபண்ட் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் தவறு.

அப்பாவின் பழக்கங்கள் காரணமில்லாமல் வந்தவை அல்ல. 1986-லிருந்து 2000 ஜனவரி வரை பொது வருங்கால வைப்பு நிதி (பி.பி.எஃப்.) 12 சதவிகித வட்டி கொடுத்தது. 1988-ல் வந்த கிசான் விகாஸ் பத்திரம் போட்ட பணத்தை ஐந்தரை வருடத்தில் இரட்டிப்பாக்கியது. அரசாங்கமே இப்படிக் கொடுக்கும்போது வேறு எங்கும் தலைகாட்ட வேண்டாம் என்று நினைத்தவர் புத்திசாலிதான். பாதுகாப்பானது என்று நம்பி நடுத்தரக் குடும்பங்கள் போட்டு வைத்த யு.டி.ஐ.யின் யு.எஸ்.-64 மியூச்சுவல் ஃபண்ட் திட்டத்தில், 2001 ஜூலையில் யூனிட்டுகளைத் திரும்ப வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். ஓய்வுக்குச் சில வருடம் முன்னால் அதைப் பார்த்தவரிடம் போய் 'ஃபண்ட்' என்றால் என்ன பதில் வரும்? பொருள் விஷயமும் இப்படித்தான். டெலிபோனுக்கும் காஸ் இணைப்புக்கும் ஸ்கூட்டருக்கும் பேர் எழுதி வைத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் அவர்கள். ஒரு மிக்ஸி என்பது ஒரு மாதச் சம்பளத்தில் பெரிய பங்கு. எனவே பொருளைக் காப்பாற்றினார்கள். வைக்க இடம் இருந்தது.

மகள் வளர்ந்தபோது இந்த விலைப்பட்டியல் தலைகீழாகிவிட்டது. மிக்ஸி மலிவு, மும்பையில் அதை வைக்கும் இடம்தான் விலை. அதே கிசான் விகாஸ் பத்திரம் இரட்டிப்பாக 2023 ஏப்ரலுக்குப் பிறகு 115 மாதம் பிடிக்கிறது. ஆக, உங்கள் வீட்டில் நடப்பது சிக்கனத்துக்கும் ஊதாரித்தனத்துக்கும் சண்டை இல்லை. ஆளுக்கொரு காலத்து விலையில் கணக்குப் போடுகிறார்கள். இன்றைய விலையை, ஒவ்வொரு பொருளாக, காகிதத்தில் எழுதிக் காட்டினால் பாதிச் சத்தம் அடங்கிவிடும். குணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான்கு வருடம் ஆனாலும் முடியாது.

முதலில் வங்கி, ஏனென்றால் உங்கள் வீட்டிலேயே ஆபத்தான இடம் அதுதான். வங்கி எதுவானாலும் டெபாசிட் காப்பீடு ஒரு ஆளுக்கு, ஒரு வங்கியில், அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம்தான். 2020 பிப்ரவரியில்தான் அது ஒரு லட்சத்திலிருந்து ஐந்தாக உயர்ந்தது. நான்கு கிளையில் பிரித்துப் போட்டாலும் ஒரே வங்கி என்றால் ஒரே 5 லட்சம். அப்பாவின் 34-ல் 29 லட்சத்துக்குப் பாதுகாப்பு இல்லை. அவர் ஏன் அங்கே போட்டிருப்பார் என்பதும் தெரிந்ததே: அரை சதவிகிதம் கூடுதல் வட்டி, பேர் சொல்லிக் கூப்பிடும் மேனேஜர், வரிசையில் நிற்க வேண்டாம். அந்த அரை சதவிகிதம் 34 லட்சத்துக்கு வருடம் 17,000 ரூபாய், மாதம் சுமார் 1,400. மாதம் 1,400 ரூபாய்க்காக 29 லட்சத்தைப் பணயம் வைத்திருக்கிறோம் என்று எழுதிக் காட்டுங்கள். சிக்கனமான மனிதருக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். அந்த வங்கி மோசம் என்று மட்டும் வாதாடாதீர்கள். அது நன்றாகவே இருக்கலாம். 2019 செப்டம்பரில் இதே மும்பையில் பி.எம்.சி. கூட்டுறவு வங்கியில் ஒருவர் 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டபோது, முந்தின நாள் வரை அதுவும் நன்றாக இருப்பதாகத் தெரிந்த வங்கிதான். 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இப்படி முடக்கப்பட்ட வங்கியில் காப்பீட்டுத் தொகை 90 நாளில் கைக்கு வர வேண்டும். வருவது 5 லட்சம் வரைதான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் உடைக்க வேண்டாம். முன்கூட்டி உடைத்தால் பல வங்கிகள் வட்டியில் அரை முதல் ஒரு சதவிகிதம் குறைக்கும். எஃப்.டி. ரசீதுகளை மேசையில் பரப்பி முதிர்வு தேதி வாரியாக அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் 'ஆட்டோ ரின்யூவல்' (முதிர்ந்ததும் தானாகப் புதுப்பிப்பது) என்று இருக்கிறதா பாருங்கள். வயதானவர்களின் பணம் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் உறைந்து கிடப்பதற்கு இந்த ஒரு வரியே பெரும்பாலும் காரணம். அதை நீக்கச் சொல்லி அப்பா கையால் எழுதிக் கொடுத்து, நகலில் வங்கி முத்திரை வாங்குங்கள். ஆறு மாதத்துக்குள் முதிர்வதை விட்டுப் பிடிக்கலாம். ஒரு வருடத்துக்கு மேல் பாக்கி இருப்பதை வட்டி நட்டத்தோடு உடைத்தாலும் பரவாயில்லை.

அந்த வங்கியோடு உறவே வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னால் மறுத்துவிடுவார். 4.25 லட்சத்தை அங்கேயே விட்டுவையுங்கள். 7.5 சதவிகிதத்தில் இரண்டு வருடக் கூட்டு வட்டிக்குப் போட்டாலும் அது சுமார் 4.93 லட்சம்தான் ஆகும், எல்லைக்குள் நிற்கும். கொஞ்சம் கூடுதலாக வைக்க ஆசைப்பட்டால், அப்பா-அம்மா கூட்டுக் கணக்கு தனி, அம்மா பெயர் முதலாகவும் அப்பா பெயர் இரண்டாவதாகவும் உள்ள கணக்கு தனி. பெயர் வரிசை மாறினால் தனித்தனி 5 லட்சம்.

மீதி 29.75 லட்சத்துக்கு இடம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். உச்சவரம்பு 2023 ஏப்ரலிலிருந்து ஒருவருக்கு 30 லட்சம். அந்த ஏப்ரலில் வட்டி 8.2 சதவிகிதம் ஆனது. அரசு காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை அறிவிக்கும். ஆனால் நீங்கள் போட்ட நாளின் வட்டி ஐந்து வருடத்துக்கும் மாறாது. 8.2 என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய 61,000 ரூபாய் கணக்கில் விழும். கூட்டுறவு வங்கி காட்டிய கூடுதல் அரை சதவிகிதத்துக்கு இது சளைத்ததல்ல, பின்னால் நிற்பது மத்திய அரசு. கணக்கை அப்பா பெயரில் தொடங்கி அம்மாவைக் கூட்டுதாரராகச் சேருங்கள். கணவன் மனைவி தவிர வேறு யாரையும் இதில் கூட்டாகச் சேர்க்க முடியாது. அவசரத்துக்கு எடுத்தால்: ஒரு வருடத்துக்குள் மூடினால் வட்டியே கிடையாது, கொடுத்ததையும் பிடித்துக்கொள்வார்கள், இரண்டாம் வருடத்தில் அசலில் 1.5 சதவிகிதம் கழிவு, அதற்குப் பிறகு 1 சதவிகிதம். எனவே அரசு வங்கியில் உள்ள 6 லட்சத்தைத் தொடாதீர்கள், ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதுதான். வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் வருடா வருடம் தரும் படிவத்தை ஏப்ரலிலேயே கொடுத்துவிடுங்கள்.

மியூச்சுவல் ஃபண்டை அவரிடம் இனி எடுக்காதீர்கள். பணவீக்கம் எஃப்.டி.யைத் தின்னும் என்பது உண்மை. அது தின்பது 52 வயதில் எஃப்.டி.யை மட்டுமே நம்பியிருப்பவரை. 78 வயதில், மாதாமாதம் வட்டியில் சாப்பிடுகிறவருக்கு, சந்தை 30 சதவிகிதம் இறங்கினால் ஏறும்வரை காத்திருக்கத் தெம்பும் இல்லை, தேவையும் இல்லை. அந்த அறிவுரையை உங்கள் பணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மஞ்சள் பையை யாரும் தூக்கிப் போட்டுவிடாமல் உங்கள் அறைக்குள் கொண்டுபோய் வையுங்கள். வீடு மாற்றும்போது காணாமல் போகிற முதல் பொருள் அதுதான். காகித ஷேரை 2019 ஏப்ரலுக்குப் பிறகு அடுத்தவர் பெயருக்கு விற்று மாற்ற முடியாது. டீமேட் ஆக்கி, அதாவது மின்னணுக் கணக்குக்கு மாற்றித்தான் விற்கலாம். ஒவ்வொரு சர்டிபிகேட்டிலிருந்தும் கம்பெனி பெயர், ஃபோலியோ எண், சர்டிபிகேட் எண், ஷேர் எண்ணிக்கை, பெயர்கள் இருக்கும் வரிசை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள். கம்பெனி இன்று இல்லையே என்று எதையும் கிழிக்கவும் வேண்டாம். டாட்டா ஆயில் மில்ஸ், புரூக் பாண்ட் லிப்டன் இரண்டும் தொண்ணூறுகளில் இந்துஸ்தான் லீவரோடு கலந்தன. அந்தப் பெயரும் 2007-ல் மாறிவிட்டது. பெயர் செத்திருக்கும், ஷேர் வேறு எங்கோ உயிரோடு இருக்கும்.

டிவிடெண்ட் தொடர்ந்து ஏழு வருடம் வாங்கப்படாமல் கிடந்தால் ஷேரே ஐ.இ.பி.எஃப். என்ற அரசு நிதிக்குப் போய்விடும். 1987-க்கு முந்தைய முகவரியில் வாங்கிய ஷேர்களுக்கு இதுதான் நடந்திருக்கும். போனாலும் திரும்ப வாங்கலாம். ஐ.இ.பி.எஃப். இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடி, கம்பெனியின் பதிவாளரிடம் (கம்பெனிக்காக ஷேர்தாரர் கணக்கைப் பார்க்கும் நிறுவனம்) உரிமைச் சான்று பெற்று, ஐ.இ.பி.எஃப்.-5 படிவம் போட வேண்டும். போகாத ஷேர்களுக்கு, கே.ஒய்.சி.க்கு ஐ.எஸ்.ஆர்.-1, கையெழுத்துக்கு ஐ.எஸ்.ஆர்.-2, நாமினி நியமனத்துக்கு எஸ்.எச்.-13. இவை முடிந்த பிறகு, சர்டிபிகேட்டில் உள்ள அதே பெயர்கள் அதே வரிசையில் உள்ள டீமேட் கணக்கு.

நம்மவர்கள் இதில் மாட்டிக்கொள்வது இனிஷியலில். சர்டிபிகேட்டில் 'கே. சுப்பிரமணியன்'. பான் கார்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயர் முன்னால். ஆதாரில் அது பின்னால். வங்கியில் 'சுப்ரமண்யம்'. பதிவாளர் அலுவலகம் இவர்கள் நான்கு பேர் என்றுதான் எடுத்துக்கொள்ளும். நால்வரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் ஒரு பிரமாணப் பத்திரம் நோட்டரியிடம் செய்து, படிவத்தோடு முதல் தடவையே இணைத்துவிடுங்கள். திருப்பி அனுப்பிய பிறகு இணைத்தால் வரிசையில் மறுபடி கடைசி. இன்னொன்று கையெழுத்து. நாற்பது வருடம் முன் போட்டதும் இன்று போடுவதும் ஒன்றாக இருக்காது, அதனால்தான் ஐ.எஸ்.ஆர்.-2-ல் வங்கி மேலாளர் சான்று கேட்கிறார்கள். எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பாதி கொடுங்கள் என்று வருகிற தரகர்களிடம் அப்பா வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாக்கர் பற்றி இரண்டு வரி போதும். அம்மாவின் நகை அம்மாவுடையது. அப்பாவின் சொத்துப் பட்டியலில் எழுதாதீர்கள். தீ, திருட்டு, ஊழியர் மோசடி நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு வருட வாடகையைப் போல் நூறு மடங்குதான். வாடகை 4,000 என்றால் 4 லட்சம். அறுபது பவுன் என்பது 480 கிராம். கிராமை 10,000 என்று குறைத்தே வைத்தாலும் 48 லட்சம். எனவே ஒவ்வொரு நகையையும் எடையோடு போட்டோ எடுத்து, தனியாக நகைக் காப்பீடு எடுங்கள்.

இனி பரண். இதில்தான் சண்டை, இதில்தான் உங்கள் மகள் பாதி சரி.

வாடகை வீட்டுக்கு மாதம் 60,000, உள்ளளவு 600 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். சதுர அடிக்கு மாதம் 100 ரூபாய். மூன்றடிக்கு ஒன்றரையடி டிரங்குப் பெட்டி தரையில் நாலரை சதுர அடி பிடிக்கும். மாதம் 450, மூன்று வருடத்துக்கு 16,200. பெட்டிக்குள் இருப்பதைத் திறந்து பாருங்கள்: ஒற்றைச் செருப்பு, மூடியில்லாத டிபன் கேரியர் அடுக்கு, எதற்கோ வந்த சாவிகள், 1994 காலண்டர். இதற்கு 16,200 வாடகை தருவாரா என்று அவரையே கேளுங்கள். "வாடகை பில்டர் தானே தர்றான்" என்பார். பில்டர் தருவது ஒரே தொகை. சின்ன வீடு எடுத்தால் மிச்சம் நம் கையில் நிற்கும் என்று சொல்லுங்கள். அந்த வாதம் அவரிடம் எடுபடும். ஆனால் கட்டிலுக்கு அடியில் போகிற பெட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அந்த இடம் எப்படியும் சும்மா கிடப்பது. அதனால் டிரங்கின் உயரத்தையும் கட்டிலடி உயரத்தையும் அளந்து, போகிறவற்றை விட்டுவிடுங்கள். வாடகை வீட்டில் பரண் இருக்கிறதா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன் பாருங்கள். பல புதிய கட்டடங்களில் கிடையாது.

எதையும் அவருக்குத் தெரியாமல் தூக்கிப் போடாதீர்கள். ஒரு முறை பிடிபட்டால் மறுநாளிலிருந்து குப்பைத் தொட்டியைச் சோதித்துவிட்டுத்தான் காபி குடிப்பார். வேலை அங்கேயே நின்றுவிடும். அறை அறையாகப் போகாமல் வகை வகையாகப் போங்கள். ஞாபகம் ஒட்டாத பொருளில் தொடங்குங்கள்: செய்தித்தாள், அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் டப்பா, ஒயர். போட்டோவும் கடிதமும் கடைசி வாரம். காலையில் பத்து மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். சாயங்காலம் களைத்த நேரத்தில் எல்லாவற்றுக்கும் "இருக்கட்டும்" என்றுதான் பதில் வரும். "இது வேணுமா" என்று கேட்காமல், "இது யார் வீட்டுக்குப் போகட்டும்" என்று கேளுங்கள். கேள்வியில் குப்பை இல்லாவிட்டால் பதிலிலும் கோபம் இருக்காது. அவருக்கென்று இரண்டு டிரங்கு ஒதுக்குங்கள். அதற்குள் எதை வைக்கிறார் என்பதில் யாரும் தலையிடக் கூடாது. 1994 காலண்டரே ஆனாலும்.

மகள் தவறுகிற இடம் பாத்திரம். மொத்தத்தையும் பங்கார்வாலாவிடம் (பழைய சாமான் வாங்குகிறவர்) தூக்கிக் கொடுத்துவிடலாம் என்கிறாளோ என்னவோ, நிறுத்துங்கள். பித்தளையும் வெண்கலமும் ஒன்றல்ல. பித்தளையில் செம்போடு துத்தநாகம். வெண்கலத்தில் செம்போடு வெள்ளீயம், அது விலை கூடியது. தட்டிப் பாருங்கள்: வெண்கலம் மணி போல நீண்டு ஒலிக்கும், பித்தளை சட்டென்று அடங்கும். வாங்குகிறவர் இரண்டையும் ஒரே தராசில், பித்தளை விலைக்குப் போடுவதுதான் வழக்கம். உருளியையும் வெண்கலப் பானையையும் முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசில் வீட்டிலேயே நிறுத்து எழுதிவிட்டுப் பிறகு ஆளைக் கூப்பிடுங்கள். அண்டாவின் இரும்பு வளையத்துக்கு எடை கழிப்பது நியாயம். கறுத்திருக்கிறது என்று கழிப்பது நியாயமில்லை.

சமையலுக்கு வைப்பதென்றால் பித்தளைக்கு உள்ளே ஈயப்பூச்சு போயிருக்கிறதா பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் புளி சேர்ந்த எதையும் அதில் வைக்கக் கூடாது; கலாய், அதாவது ஈயப்பூச்சு, மறுபடி பூசிய பிறகுதான். ஈயச்சொம்பு இருந்தால் அதை விற்காதீர்கள். அது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும், காலிச் சொம்பை அடுப்பில் வைத்தால் ஒரு பக்கம் வழிந்து போகும். உள்ளே ரசம் இருக்கும்வரை கொதிநிலையைத் தாண்டாது, அதனால் தப்பிக்கிறது. முதலில் புளித்தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். இதை மகளுக்கு அம்மா காட்டிக் கொடுக்கட்டும். இண்டக்ஷன் அடுப்புக்கு அது ஆகாது என்பதையும் சேர்த்து. பெயரும் தேதியும் வெட்டிய எவர்சில்வரை மட்டும் தனியாக எடுங்கள். யார் கல்யாணத்துக்கு யார் கொடுத்தது என்ற குடும்பக் கணக்கு அதில்தான் இருக்கிறது. பெயரில்லாத முப்பது டம்ளருக்கு ஒரு டஜன் போதும்.

பழைய பட்டுப் புடவைகளை வாசலில் வருகிறவரிடம் ஒரு புடவைக்கு இவ்வளவு என்று பேசி விடாதீர்கள். பழைய ஜரிகையில் வெள்ளி இருக்கலாம், ஜரிகை வாங்கும் கடையில் சோதித்து எடைக்குத்தான் விற்க வேண்டும்.

ஓடாத மிக்ஸிகளை அப்பாவோடு உட்கார்ந்து பாருங்கள். அடியில் சிவப்பு பட்டன் ஒன்று இருக்கும். சுமை தாங்காமல் அது வெளியே வந்திருந்தால் அழுத்தினாலே ஓடும். அதுவும் இல்லையென்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், மலிவான பாகம். ஜாடி சுற்றாமல் மோட்டார் மட்டும் சுற்றினால் இரண்டையும் இணைக்கும் கப்ளர் போயிருக்கிறது. மோட்டாரில் கருகிய வாசனை வந்தால் ஆர்மேச்சர் எரிந்துவிட்டது, அதற்குச் செலவு செய்யாதீர்கள். இரண்டில் ஒன்று ஓடிவிட்டால், அடுத்த பத்துப் பொருளை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரும்.

இனி மகள். பார்சல்கள் பிரச்சினை இல்லை, 'மினிமம் டியூ'தான் பிரச்சினை. 1.4 லட்சத்துக்கு மாதம் 3.75 சதவிகிதம் வட்டி என்றால் 5,250. அந்த வட்டிக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. 945. ஆக 6,195. மினிமம் டியூ 5 சதவிகிதம் என்றால் கட்டுவது 7,000. அசலில் குறைவது 805 ரூபாய். இந்த எண்களை அவளே தன் ஸ்டேட்மென்ட்டிலிருந்து எடுத்து எழுதட்டும். வங்கிக்கு வங்கி கொஞ்சம் மாறும். பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குகிற பாலுக்கும் பிஸ்கட்டுக்கும்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது, 45 நாள் சலுகை கிடையாது. இப்படியே ஒரு வருடம் போனால் வட்டியும் வரியும் 70,000-க்கு மேல் ஆகும்.

அவள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் 15 சதவிகிதத்தில் ஒரு வருடத் தனிநபர் கடன் கிடைத்தால் மாதத் தவணை சுமார் 12,640. மொத்த வட்டி 11,600 சொச்சம், அதோடு செயலாக்கக் கட்டணம். 58,000 சம்பளத்தில், வீட்டு வாடகை இல்லாமல் இருக்கும்போது, இது முடியும். அதை வைத்துக் கார்டை முழுதாக அடைத்துவிட்டு, ஆட்டோ பேயில் 'மொத்த பாக்கி' என்று மாற்றட்டும். வங்கி 'செட்டில்மென்ட்' என்று குறைத்துப் பேசினால் ஒத்துக்கொள்ளக் கூடாது. கடன் அறிக்கையில் அந்தக் கறை நின்றுவிட்டால் நாளை வீட்டுக் கடனுக்குப் போகும்போது உதைக்கும். ஆப்புகளில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்களை அழித்துவிட்டு, வாராவாரம் திங்கட்கிழமை 3,500 ரூபாயை இன்னொரு கணக்குக்கு மாற்றி, யு.பி.ஐ.யை அந்தக் கணக்கோடு மட்டும் இணைக்கட்டும். தீர்ந்தால் அடுத்த திங்கள்.

நோ காஸ்ட் இ.எம்.ஐ. விஷயத்தில் பெரிய தவறு இல்லை. வட்டியே இல்லை என்பது மட்டும் பொய். முழுப் பணம் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி போகிறது, செயலாக்கக் கட்டணமும் வட்டிக்கான ஜி.எஸ்.டி.யும் சேர்கின்றன. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் சொல்லிவிட்டது. தவணை முடியட்டும், விட்டுவிடுங்கள்.

தாத்தா அந்தக் கடனை அடைக்க வேண்டாம். பணம் இல்லை என்பதல்ல காரணம். அடைத்துவிட்டால் அடுத்த பத்து வருடம் எந்தப் பேச்சும் அந்த 1.4 லட்சத்தில் போய்த்தான் முடியும். அவள் பெயரில் கடன், அவள் சம்பளத்தில் தவணை.

கடைசியாக பில்டர் பணம். வாடகைக்கு மேல் கார்பஸ் என்று ஒரு தொகை வந்தால், வீடு அப்பா பெயரில் இருப்பதால் காசோலையும் அவர் பெயரில்தான் வரும். அதில் முதல் வேலை, ஆறு மாத வாடகையைத் தனியாக எடுத்து வைப்பது. மூன்று வருடம் என்று சொன்ன கட்டடம் ஐந்து வருடம் இழுப்பதும், நடுவில் பில்டரின் வாடகைக் காசோலை திரும்பி வருவதும் இந்த ஊரில் சாதாரணம். புது வீட்டின் உள்ளளவு, மாடி, வாடகைத் தொகை, தாமதமானால் என்ன என்பதெல்லாம் பதிவு செய்த ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள். கார்பஸை அந்தக் கூட்டுறவு வங்கிக்குள் விடாதீர்கள். புது வீட்டு உள் அலங்காரத்துக்கு இப்போதே கணக்குப் போடவும் வேண்டாம்.

வங்கி, ஷேர், சொசைட்டி எல்லாவற்றிலும் நாமினி எழுதியிருப்பார். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்கிறவர்தான், உரிமையாளர் ஆகிவிடமாட்டார். உங்களுக்கு உடன்பிறப்புகள் இருந்தால் உயில் வேண்டும். சாதாரண வெள்ளைத்தாள் போதும், இரண்டு சாட்சிகள் அப்பா கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், உயிலில் பங்கு பெறுகிற யாரும் சாட்சியாக இருக்கக் கூடாது. 78 வயது என்பதால் அதே தேதியிட்ட டாக்டர் சான்றிதழையும் இணைத்து, பதிவு செய்துவிடுங்கள். பழைய வீட்டு முகவரியில் உள்ள அடையாள அட்டைகள் செல்லும்போதே, காலி செய்வதற்கு முன் இதை முடித்தால் அலைச்சல் குறையும்.